மாநக்கவாரம் கொண்டவனின் பள்ளிப்படை

எகிப்து நாட்டில் தூத்தன்காமன் என்னும் இளவேந்தனின் கல்லறை 1922-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபோது, அதனுள் குவிந்திருந்த பொன்னைக் கண்டு உலகமே வியந்தது. பாடநூலில் இதனைப் படித்த நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன், “மாமா, நம்ம ராஜாக்களை எங்கே புதைச்சாங்க? அங்கேயும் தங்கம் இருக்கா?” என்று வினவினான். இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் ரயிலுக்கு முன்பதிவுச் சீட்டு வழங்கும் எழுத்தனாகிய யான், அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தேன்.

பொன் இல்லாமலில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ என்பார் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. அவற்றை அணிந்தோர் பெயர் அறியோம். பெயரறிந்த சோழ மன்னர்க்கோ புதையல் இல்லை. பள்ளிப்படைக் கோயில்களே உண்டு. தந்தை ஆதித்தனுக்குப் பராந்தகனும், பாட்டன் அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் இராசராசனும், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையில் இராசேந்திரனும் கோயில் எடுத்தனர்.

அவ்விராசேந்திரனே நம் கதைக்கு உரியவன். 1025-ஆம் ஆண்டளவில் அவன் படை கடல் கடந்து வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு அடுக்கிக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று மாநக்கவாரம். அதுவே நம் நிக்கோபார்! அக்கல்வெட்டிலுள்ள கடாரத்தை அறிஞர் சிலர் பர்மாவிலே தேடினர். 1918-இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ், மறக்கப்பட்டிருந்த ஸ்ரீவிஜயப் பேரரசை வெளிப்படுத்திய பின்னரே மெய்க்கீர்த்தியின் பொருள் தெளிவாயிற்று. 2024-இல் போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜய புரம்’ எனப் பெயர் பெற்றபோது யான் தனியே நகைத்துக்கொண்டேன். விடுதலை வெற்றியைக் குறிக்க வைத்த பெயர்தான். ஆயினும் சோழனிடம் தோற்ற நாட்டின் பெயரன்றோ காதில் ஒலிக்கிறது!

ஒன்று கூறுவேன், அன்பர்கள் சினவற்க. ‘கொண்டான்’ என்பது வென்றவன் சொல். நக்கவாரத்து மக்கள் அன்று என்ன எண்ணினர் என்று எந்தக் கல்லும் கூறவில்லை. அம்மக்களின் வழித்தோன்றல்கள் நம் அண்டையிலேயே வாழ்கின்றனர். மேடையேறி முழங்கும்போது இதனை நினைத்தல் நன்று.

இராசேந்திரன் 1044-இல் மறைந்தான். திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரமதேசத்தில் உள்ள கல்வெட்டொன்று, அவனோடு உயிர்நீத்த தேவி வீரமாதேவியைக் குறிக்கிறது. அவள் நினைவாக உடன்பிறந்தான் மதுராந்தக வேளான் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தானாம். கடாரம் கொண்டவனின் இறுதியைப் பற்றி எழுதிவைத்த செய்தி, தாகம் தீர்க்கும் ஒரு பந்தலைப் பற்றியது!

சிறுவனிடம் இதனைச் சொன்னேன். பொன் இல்லையென்றதும் அவன் முகம் வாடிற்று. பிறகு சற்றே எண்ணி, “இப்பவும் அங்கே தண்ணி குடுக்கிறாங்களா, மாமா?” என்றான்.