அரிசிலாறும் காரைக்காற் பதிகளும்

காவிரியின் கிளைகளுள் ஒன்றாய்க் கும்பகோணத்திற்குத் தென்புறத்தே ஓடிக் காரைக்காலிற் கடலொடு கலக்கும் ஆறு இக்காலத்து அரசலாறு என வழங்கப்படுகின்றது. நூல்களுட் காணப்படும் பழம்பெயர் அரிசில் என்பதே. 'அரசு' என்னுஞ் சொல்லைக் கொண்டு இதற்குப் பொருள் காண்டல் பழைய வடிவிற்கு ஒவ்வாது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாற் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய புலவர் அரிசில் கிழார் எனப்பட்டார். நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, பல்லவர் படை இவ்வாற்றங்கரையிற் பகைவரை வென்றமையைக் கூறும்.

சைவ நூல்களுள் இவ்வாறு வெறும் வருணனைப் பொருளாக நில்லாது ஊரறியுங் குறியாகவும் நிற்கின்றது. புத்தூர் என்னும் பெயர் பல ஊர்க்கும் பொது. அவற்றுள் ஒன்றை அரிசிற்கரைப்புத்தூர் என்றும் மற்றொன்றைக் கடுவாய்க்கரைப்புத்தூர் என்றும் ஆற்றின் பெயரால் முன்னோர் வேறுபடுத்தினர். மூவராலும் பாடப்பெற்ற அரிசிற்கரைப்புத்தூரிலேதான் புகழ்த்துணை நாயனார் வற்கடக் காலத்தும் வழிபாடு ஒழியாது நின்றார். பசியால் மெலிந்த கை தளரக் குடம் இறைவன் திருமுடிமேல் வீழ்ந்ததும், பின்னர் நாள்தோறும் காசு பெற்றதும் யாவரும் அறிந்தன. அவர் சுமந்து வந்தது அரிசிலாற்று நீரே எனச் சுந்தரர் தம் பதிகத்துட் கூறியிருத்தல் பலரும் நோக்காதது. ஊரிற் சோறு இல்லாத காலத்தும் இறைவற்கு ஆட்ட ஆற்றில் நீர் இருந்தது என்பது அதனாற் பெறப்படும்.

இனி, ஆற்றின் கடைப்பகுதியாகிய காரைக்கால் நாடு. காவிரியின் கடைக் கிளைகள் பாயும் இச்சிறு நிலப்பரப்பில் திருநள்ளாறு, திருத்தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி என்னும் பாடல்பெற்ற பதிகள் நான்கு உள. தெளிச்சேரி இன்று கோயிற்பத்து என வழங்கும். காரைக்காலோ அம்மையார் பிறந்த ஊர். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா அங்கு நிகழ்கின்றது.

நள்ளாறு என்பதனை நளன் கதையோடு இயைத்துக் கூறுவர். 'நள்' என்பது நடு எனப் பொருள்படுதலின், ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர் எனக் கொள்ளுதலே சொல்லமைதிக்கு இயைவது. இறைவன் திருப்பெயர் தருப்பாரணியேசுவரர், தலமரம் தருப்பை. மரமன்று, ஈரநிலத்துப் புல்லே இங்குத் தலவிருட்சம் என்பது கருதத்தக்கது. இந்நாளிற் சனிப்பெயர்ச்சிக்கு வருவோர் அத்தருப்பையை நினைவதில்லை. நளதீர்த்தத்து மூழ்கி உடுத்த ஆடையைக் குளத்தே விட்டுச் செல்வதையே வழிபாடாகக் கொள்கின்றனர். மூவர் பதிகங்களுள் இவ்வழக்கத்திற்கு இடமில்லை. தீர்த்தத்தை மாசுபடுத்துவது தீர்த்தமாடுதல் ஆகாது.

தருமபுரம் பிறிதோராற்றாற் சிறப்புடையது. (மயிலாடுதுறையை அடுத்து ஆதீனம் உள்ள தருமபுரம் வேறு, இது காரைக்காலைச் சார்ந்தது.) திருநீலகண்ட யாழ்ப்பாணர் தாயார் பிறந்த இவ்வூரில் யாழுக்கு அடங்காத இசையாற் சம்பந்தர் பாடிய பதிகம் யாழ்முரி எனப்படும். இசையாராய்வோர் அதன் பண்ணைப் பற்றிப் பெரிதும் பேசுவர். அப்பதிகத்துள் வரும் அலையும் நுரையும் புன்னையும் வண்டும் குயிலும் ஏழாம் நூற்றாண்டுக் கழிமுகத்தின் நேர்ச்சான்று என்பதை விட்டுவிடுவர். இன்று கோயில் கடற்கரையினின்று உள்ளடங்கியுளது.

ஆற்றுப்படுகை ஒன்றாயினும் அதன் மேல் ஆணை செலுத்தினோர் பலர். 1739-இற் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. 1924-இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட காவிரி உடன்பாட்டில் அவர்க்குப் பங்கில்லை. 1954 நவம்பர் 1-இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்து, 1962-இற் சட்டப்படி இணைந்த பின்னரும், இந்நாடு புதுவையைச் சார்ந்தே நிற்கின்றது. 2007-இல் நடுவர் மன்றம் இதற்கென ஆண்டுக்கு 700 கோடி கன அடி நீர் வகுத்தது. படுகை முழுதிற்கும் சுற்றுச்சூழற் காப்பின்பொருட்டு 1,000 கோடி கன அடி ஒதுக்கிற்று. 2018-இல் உச்சநீதிமன்றம் கருநாடகத்தின் பங்கை மிகுத்துத் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்த போதும் புதுவையின் பங்கு மாறவில்லை. எனினும் ஏட்டில் உள்ள நீர் கடைமடைக்கு வந்து சேர்தல் வேறு. மேலிருந்து வரும் நன்னீர் குறையுந்தோறும் கடலின் உவர்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளேறும். அதனால் வயலொடு கோயிற் கிணறும் கெடும்.

2019-இல் 'நம் நீர்' என்னும் முயற்சியாற் காரைக்கால் மாவட்டத்துக் குளங்கள் பல, திருக்குளங்கள் உட்பட, தூர்வாரப்பட்டன. பாராட்டத்தக்க பணியே. ஆயின் குளத்திற்கு நீர் கொணரும் வாய்க்கால் அடைபடின் தூர்வாரிய குளமும் மழையையே நோக்கி நிற்கும். 2020-இல் தமிழ்நாட்டரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடும். புகழ்த்துணையார் நீர் முகந்த கரை அதன் அகத்தது. அதே ஆறு கடலொடு கலக்குங் கரை புறத்தது.

தலவரலாறு அச்சிடுவோர் மூர்த்தியையும் தலத்தையும் விரித்துரைத்துத் தீர்த்தத்திற்கு ஒரு வரி எழுதி அமைகின்றனர். குளத்தின் எல்லை, நீர்வரும் வாய்க்காலின் பெயர், அது பிரியும் மதகு ஆகியவற்றையும் அங்கே பதிதல் வேண்டும். அவற்றை அறிந்த முதியோர் ஊர்தோறும் இன்னும் சிலர் உளர்.