மியூசிக் ஆப்பில் 'சவுண்ட் பேக்' வாங்கலாமா? காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

போனில் ஒரு மியூசிக் ஆப்பை இறக்கி நாலு நாள் விளையாட்டாகத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு, ஐந்தாம் நாள் அந்தப் பூட்டுப் படம் கண்ணில் படும். 'ப்ரீமியம் பியானோ', 'சினிமாட்டிக் ஸ்ட்ரிங்ஸ்', 'இந்தியன் பெர்கஷன்' என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்து ஆயிரங்களுக்குப் போகும். கேட்டுப் பார்க்க 20 நொடி டெமோவும் இருக்கும். "இது மட்டும் இருந்தா நம்ம பாட்டும் சினிமா பாட்டு மாதிரி வந்துடும்" என்று தோன்றுவது அந்த 20 நொடியில்தான்.

சில பேக்குகள் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். ஆனால் வாங்கியதில் பாதிக்கு மேல் தொடாமல் கிடக்கிறது என்று புலம்புபவர்களும் நிறைய. வித்தியாசம் எங்கே வருகிறது?

பேக்குக்குள் என்ன இருக்கும்?

சவுண்ட் பேக் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கப்படுகிறது. முதலாவது, நிஜ வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கும்படி அடுக்கித் தருவது. இரண்டாவது லூப். யாரோ வாசித்த நாலு பார் தாளத்தையோ மெட்டுத் துண்டையோ அப்படியே திரும்பத் திரும்ப ஓடும்படி தருவது. மூன்றாவது ப்ரீசெட். இதில் புதிய ஒலிப்பதிவு எதுவும் இருக்காது. ஆப்பில் ஏற்கெனவே உள்ள சிந்தசைசரின் திருகுகளை ஒருவர் திருப்பி வைத்து, அந்த அமைப்பைச் சேமித்துத் தந்திருப்பார்.

மூன்றாவது வகையைக் காசு கொடுத்து வாங்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். திருகுகளை நாமே திருப்பிப் பழகினால் அதில் பலவற்றை இலவசமாகவே எட்டிவிட முடியும்.

முதல் வகையின் தரத்தை ஓரளவு அதன் அளவே சொல்லிவிடும். கணக்கு எளிது. சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி ஒரு நிமிடத்துக்கு சுமார் 10 எம்பி பிடிக்கும். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று 8 விதமான அழுத்தத்தில், தலா 10 நொடி பதிவு செய்தால் மொத்தம் 117 நிமிடம், ஏறக்குறைய 1.2 ஜிபி. ஆக, 'கான்சர்ட் கிராண்ட்' என்ற பெயரில் 40 எம்பி பேக் வந்தால், அதில் ஒலிகள் சுருக்கப்பட்டிருக்கலாம், அழுத்த வித்தியாசங்கள் குறைக்கப்பட்டிருக்கலாம் அல்லது பக்கத்துக் கட்டையின் ஒலியையே சுருதி மாற்றி ஒட்டியிருக்கலாம். அதற்காக அது மோசம் என்று அர்த்தமில்லை. பாட்டில் பின்னணியாக ஒலிக்கும் பியானோவுக்கு 40 எம்பியே போதும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆனால் தனி பியானோ வாசித்துப் பதிவு செய்பவருக்கு அந்த வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இலவசமாகவே கிடைப்பது எவ்வளவு?

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆப்பிளின் கேரேஜ்பேண்ட். 2017 முதல் அது எல்லோருக்கும் இலவசம். அதன் சவுண்ட் லைப்ரரியில் உள்ள கூடுதல் பேக்குகளுக்கும் காசு இல்லை. ஆனால் அவை தானாக வராது, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இது தெரியாமலேயே வேறு ஆப்பில் காசு கட்டுபவர்கள் உண்டு.

ஒரு பழைய கதையும் இங்கே உதவும். 2004-ல் கேரேஜ்பேண்ட் வந்தபோது அதற்கான 'ஜாம் பேக்' என்ற கூடுதல் ஒலித் தொகுப்பை ஆப்பிள் 99 டாலருக்கு விற்றது. அப்படி வெளிவந்த ஐந்து தொகுப்புகளையும் 2007-ல் லாஜிக் ஸ்டுடியோ மென்பொருளுடன் சேர்த்தே தந்துவிட்டது. இன்று விலைச்சீட்டோடு இருக்கும் ஒலி, சில ஆண்டுகளில் 'கூடவே வரும்' பொருளாகிவிடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

ஆண்ட்ராய்டுக்கு கேரேஜ்பேண்ட் கிடையாது. அந்தப் பெயரில் சுற்றும் ஏபிகே ஃபைல்களைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் ஆப்பில் காசில்லாமல் பயன்படுத்த நிறைய லூப்கள் உள்ளன. சவுண்ட்ஃபான்ட் ஃபைலைத் திறக்கும் ஆப் என்றால் இன்னும் வசதி. 1990-களில் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டுகளுக்காக வந்த இந்த வடிவம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பியானோ முதல் வயலின் வரை இலவச சவுண்ட்ஃபான்ட்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தரம் முன்னே பின்னே இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

கம்ப்யூட்டரில் இசையமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'இலவச லைப்ரரி' என்று இறக்கிய பிறகுதான் அதைத் திறக்க கான்டாக்ட் மென்பொருளின் முழு விலைப் பதிப்பு வேண்டும் என்று தெரியவரும். இலவச கான்டாக்ட் பிளேயரில் அப்படிப்பட்ட லைப்ரரி 15 நிமிடம் மட்டும் ஓடி நின்றுவிடும்.

'இந்தியன் பேக்' என்றால் தவில் இருக்குமா?

தமிழ்ப் பாட்டு செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 'இந்தியன்' என்று பெயர் போட்ட பேக்குகளில் பெரும்பாலும் சித்தாரும் தபலாவும்தான் முன்னால் நிற்கும். மிருதங்கம் இருந்தால் அதிர்ஷ்டம். தவில், நாதஸ்வரம், பறை எல்லாம் இருக்கிறதா என்று பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

பெயர் இருந்தாலும் காது வைத்துக் கேட்க வேண்டும். தவிலில் ஒரு பக்கம் விரல்களில் கூடு மாட்டி வாசிக்கிறார்கள், மறுபக்கம் குச்சியால் அடிக்கிறார்கள். அந்தக் கூட்டின் கணீர் சத்தமும் குச்சியின் கனமும் சேர்ந்ததுதான் தவில். பறையிலும் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சிக்கும் குட்டையான அடிக்குச்சிக்கும் ஒலி வேறு. டெமோவில் இந்த இரண்டு குரல்களும் பிரிந்து கேட்கவில்லை என்றால், பெரிய டிரம் ஒன்றுக்குப் பெயர் மாற்றி விற்கிறார்கள் என்ற சந்தேகம் வருவது நியாயம்.

அடுத்தது தாளம். பல லூப் பேக்குகள் நாலு எண்ணிக்கையிலேயே அமைந்தவை. நம்ம ஊர் கிராமியப் பாட்டுக்கு 'ஆறு எட்டு' நடை வேண்டும். கண்ட சாபுவுக்கு ஐந்து, மிஸ்ர சாபுவுக்கு ஏழு. நாலு எண்ணிக்கை லூப்பை வெட்டி ஒட்டி ஏழாக்கலாம்தான், ஆனால் வாசித்தவரின் முத்தாய்ப்பு நடுவில் அறுந்து கேட்கும். வேகத்தை மாற்றுவதிலும் எல்லை உண்டு. 120-ல் வாசித்ததை 110-க்குக் குறைத்தால் பரவாயில்லை, 70-க்குக் குறைத்தால் தோல் சத்தம் குழைந்துவிடும். அதனால் தாள வாத்தியங்களில் லூப் மட்டும் தரும் பேக்கைவிட, தா, தி, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தரும் பேக்தான் நீண்ட நாள் உழைக்கும். வேலை அதிகம், ஆனால் எந்தத் தாளத்தையும் அதில் கட்டலாம்.

வீணை, நாதஸ்வரம் வாங்குவோருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்த பேக்கில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் நேராக நிற்கும். கர்நாடக ராகங்களில் பல ஸ்வரங்கள் அப்படி நிற்பதில்லை. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. அதை கீபோர்டில் கொண்டுவர 'பிட்ச் பெண்ட்' வசதி வேண்டும், அதில் கையும் பழகியிருக்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த வீணை பேக்காக இருந்தாலும் கமகம் கூட வராது. மெல்லிசைப் பாட்டில் நடுவே இரண்டு வரி வீணை வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ராகம் வாசிக்க வேண்டும் என்றால், அதே காசுக்கு வீணை வாசிப்பவர் ஒருவரைக் கேட்டு பத்து நிமிடம் பதிவு செய்துகொள்வது பல நேரங்களில் நல்ல முடிவாக இருக்கும்.

வாங்கியது உங்களுடையதா?

ஆப்புக்குள் வாங்கும் பேக் பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேதான் வாழும். ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு மாறினால் கூட வராது. கணக்கை மாற்றினாலும் வராது. போன் மாற்றினால் அதே கணக்கில் 'ரீஸ்டோர் பர்ச்சேஸ்' அழுத்தி மீட்டுக்கொள்ளலாம், ஆனால் அதுவும் ஆப் கடையில் இருக்கும் வரைதான். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் ஆப்கள் எல்லாம் ஒரே அப்டேட்டில் ஓடாமல் போயின. புதுப்பிக்கப்படாத மியூசிக் ஆப்களும், அவற்றுக்குள் காசு கொடுத்து வாங்கிய ஒலிகளும் அதோடு போயின.

ஆகவே பேக்கைப் பார்க்கும் முன் ஆப்பைப் பாருங்கள். கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்பது ஆப் ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு மூன்று வருடமாக அசைவே இல்லை என்றால் அங்கே காசு போடுவது வீண் ரிஸ்க். வேவ் ஃபைலாக வரும் பேக்குக்கு இந்தக் கவலை இல்லை, எந்த ஆப்பிலும் போட்டுக்கொள்ளலாம். ஐபேடில் ஏயுவி3 வசதி உள்ள வாத்திய ஆப் என்றால் அதை கேரேஜ்பேண்டுக்குள்ளேயே திறந்து வாசிக்கலாம். ஒரே நிறுவனத்தின் ஆப்கள் ஒன்றுக்கொன்று உதவுவதும் உண்டு. கோர்க் நிறுவனத்தின் 1988 எம்1 கீபோர்டை ஐபேடுக்குக் கொண்டுவந்த ஐஎம்1 ஆப்பை வாங்கினால், அதே ஒலிகள் அவர்களின் கேட்ஜெட் ஆப்பிலும் 'டார்வின்' என்ற பெயரில் திறக்கும். ஒரு காசுக்கு இரண்டு இடத்தில் வேலை.

பூட்டிய பேக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அதில் செய்த பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஆடியோவாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப் போனாலும் பாட்டு மிஞ்சும்.

யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா?

'ராயல்டி ஃப்ரீ' என்றால், அந்த ஒலியை வைத்துப் பாட்டு செய்து வெளியிடலாம், விற்கலாம், ஒவ்வொரு முறையும் பங்கு தர வேண்டாம் என்று பொருள். ஒலியையே தனியாக எடுத்து விற்கவோ பகிரவோ கூடாது. சில பேக்குகள் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். குறும்படத்துக்கோ விளம்பரத்துக்கோ இசை செய்பவர்கள் அந்த வரியைப் படிக்காமல் விட்டால் பின்னால் தலைவலி.

இலவச லூப்பைப் பயன்படுத்துவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கவும் வேண்டாம். 2007-ல் உலகம் முழுக்க ஒலித்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ், கேரேஜ்பேண்டில் எல்லோருக்கும் கிடைக்கும் 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' லூப்தான்.

ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதே லூப்பை வேறொருவர் தன் பாட்டில் வைத்து, அந்தப் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால், உங்கள் வீடியோவுக்கு 'காப்பிரைட் கிளெய்ம்' வரலாம். பலருக்கும் உரிமம் உள்ள லூப்பை அப்படிப் பதியக் கூடாது என்பது யூடியூப் விதி. அதைச் சொல்லி மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்கு பேக்கின் உரிம வரிகளும் வாங்கிய ரசீதும் கையில் இருக்க வேண்டும். டெலிகிராமில் 'அன்லாக்' செய்து வரும் பேக்கில் இந்த இரண்டுமே இருக்காது.

வாங்கும் நாளில்...

ஸ்ப்ளைஸ் போன்ற சந்தா சேவைகளில் ஏற்கெனவே இறக்கிய ஒலிகளைச் சந்தா நின்ற பிறகும் பாட்டில் பயன்படுத்தலாம். வேறு சில ஆப்களில் சந்தா நின்றதும் பேக் பூட்டிக்கொள்ளும், பாதியில் இருக்கும் பாட்டு ஊமையாகிவிடும். எந்த வகை என்பதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மாதம் ஒரு பாட்டுகூட முடிக்காதவருக்குச் சந்தா கட்டுப்படியாகாது.

கையில் இருக்கும் காசுக்கு வேறு அவசரத் தேவை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ப்ளூடூத் ஹெட்செட்டில் கட்டையைத் தட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே இடைவெளி விழும், தாளம் தப்பும். "சவுண்ட் சரியில்லை" என்று தோன்றுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அதை எந்த பேக்கும் சரி செய்யாது. சுமாரான ஒயர் ஹெட்போன் சரி செய்துவிடும்.

முடிவெடுக்கத் திணறுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டை முதலில் இருக்கிற இலவச ஒலியிலேயே கடைசி வரை முடித்துவிடுங்கள். முடித்த பாட்டில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் போலியாகக் கேட்கிறது என்று உங்கள் காதே சொல்லும். அந்த ஒரு வாத்தியத்துக்கான பேக்கை மட்டும் வாங்குங்கள். '50 பேக் சேர்த்து 80 சதவீத தள்ளுபடி' என்று திரை மினுக்கினாலும் பாட்டுக்குத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான்.

வாங்கிய உடனே அதை உங்கள் பாட்டில் போட்டுப் பாருங்கள், டெமோ பாட்டில் வேண்டாம். பொருந்தவில்லை என்றால் கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆப்பிளிலும் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கத்தில் விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்பது அவர்கள் முடிவு. சந்தாவில் சேர்ந்திருந்தால் ஆப்பை போனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. ஸ்டோர் கணக்கின் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் ரத்து செய்யும் வரை மாதாமாதம் காசு போய்க்கொண்டேதான் இருக்கும்.