பழைய சேலம் மாவட்டமும் பெண் காவல் அதிகாரிகளும்

பனமரத்துப்பட்டி ஏரி நீரைச் சேலம் நகரம் பருகிய நாள்களில், தர்மபுரியும் ஓசூரும் இம்மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. 2-10-1965 அன்றுதான் தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே, தர்மபுரியில் பிறந்து தமிழகக் காவல்துறையின் உயர்நிலையை எய்திய திருமதி ஜி. திலகவதி அவர்களைப் பழைய சேலம் மாவட்டத்தின் மகளெனக் கூறுவதில் பிழையில்லை.

அவருக்கு முன்னரே இம்மண்ணில் ஒரு கேள்வி எழுந்திருந்தது. 1951-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்று சென்னை மாகாணப் பணிக்கு வந்த அன்னா ராஜம் அம்மையாரிடம் சட்டம் ஒழுங்குப் பொறுப்பை ஒப்படைக்க, அன்றைய முதலமைச்சர் இராஜாஜி தயங்கினார். தலைமைச் செயலகப் பணியை அளிக்க முன்வந்தார். இராஜாஜியோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அம்மையார் தமக்கும் ஆண்களுக்கு நிகரான வாய்ப்பு வேண்டுமென வாதாடினார். இறுதியில் அவர் சப் கலெக்டராகப் பொறுப்பேற்ற ஊர், அதே ஓசூர்!

வருவாய்த் துறையில் அன்றே திறந்த கதவு, காவல்துறையில் திறக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஐ.பி.எஸ். பணியில் நாட்டின் முதல் பெண்ணாகக் கிரண் பேடி சேர்ந்தது 1972-இல். மறு ஆண்டு தமிழகத்தில் பெண் காவலர் பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் இருந்தோர் ஒரு சார்பு ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள், அவ்வளவே. வேலூர் ஆக்சிலியம் கல்லூரியிலும் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்ற திலகவதி அவர்கள், 1976-ஆம் ஆண்டு அணியில் ஐ.பி.எஸ். பணிக்குத் தேர்வானார். தமிழகத்திலிருந்து அப்பணிக்குச் சென்ற முதல் பெண் அவரே. பின்பற்றிச் செல்ல முன்னோடி எவரும் தம் மாநிலத்தில் இல்லாத நிலையில் காக்கிச் சீருடை அணிவது எத்தகைய துணிவு என்பதை, இன்று மகளிர் காவல் நிலையங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறை எளிதில் உணராது. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையமே சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல்தான் திறக்கப்பட்டது. அப்போது அவர் பணியில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்திருந்தார்.

காவல் பணிக்கிடையே அவர் இடையறாது எழுதினார். அதைப் பொழுதுபோக்கு என்பாரும் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை நடந்த குற்றத்தைப் பதிவு செய்யும். அக்குற்றத்துக்கு முன்னும் பின்னும் அப்பெண் வாழ்ந்த வாழ்வு அதில் இடம்பெறாது. அந்த வாழ்வுக்கு இடம் தருவது கதை. அவரது ‘பத்தினிப் பெண்’ 1993-இல் ஆர்.சி. சக்தியின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. கட்டடத் தொழிலாளர் வாழ்வைப் பேசும் ‘கல்மரம்’ புதினம் 2005-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அப்போதும் அவர் சீருடையில்தான் இருந்தார்.

அவருடன் அதே 1976-ஆம் ஆண்டு அணியில் சேர்ந்து, தமிழகப் பிரிவில் பணியாற்றிய லத்திகா சரண் அவர்கள் 2006-இல் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். 2010 சனவரியில் மாநிலக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரு பதவிகளிலும் தமிழகத்தின் முதல் பெண் அவரே. திலகவதி அவர்களும் டி.ஜி.பி. நிலைக்கு உயர்ந்து ஓய்வு பெற்றார். இருபத்திரண்டு பெண்களுடன் தொடங்கிய பிரிவுக்கும் இவ்வுயர்வுக்கும் இடையே கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள்.