ஏடும் நாளும்

நூல்களுக்குப் பிறந்தநாள் உண்டு. ஆயின் அந்நாளைப் பழைய நூல்கள் இன்றைய நாட்காட்டியின் மொழியில் சொல்வதில்லை. ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, சில வேளைகளில் திதியும் விண்மீனும் என்பதே அவற்றின் வழக்கு. இக்குறிப்பை நாட்காட்டியின் ஒரு நாளோடு பொருத்திக் காண்பது வெறும் கணக்கன்று. வரலாற்றின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும்.

இப்பணிக்குச் சின்ன காஞ்சிபுரம் நல்ல களம். அத்திகிரி வரதராசர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இவ்வூரில் தறியும் நெசவும் ஒருபால், பிரபந்த உரையும் வடமொழிக் கல்வியும் மற்றொருபால் தழைத்தன. பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் இவ்வூரிலிருந்தே தம் உரைநூல்களை நிரல்பட வெளியிட்டார். அறிஞர் அண்ணா 1942இல் காஞ்சியில் தொடங்கிய ‘திராவிட நாடு’ இதழோ ஆங்கிலத் தேதியைத் தாங்கி வந்தது. ஆகவே ஒரே ஊரின் வீட்டு அலமாரிகளில் இருவேறு காலக்கணக்குகள் அருகருகே அமர்ந்துள்ளன. இதழின் தேதியைப் பார்த்த அளவில் அறியலாம். ‘விபவ வருஷம்’ என்று மட்டும் சொல்லும் நூலின் காலத்தை ஆராய்ந்தே அறிய வேண்டும்.

பிரபவ முதல் அட்சய ஈறாக ஆண்டுப்பெயர்கள் அறுபது. 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியவை மூன்றும் பிரபவ ஆண்டுகளே. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வாய்மொழியில் நிலைத்த கொடும் பஞ்சம் 1876இல் தொடங்கியது. 1936, 1996 ஆகியவையும் தாது ஆண்டுகளாயினும், பஞ்சத்தின் நினைவு எந்தத் தாது என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நூல்களுக்கு இத்தகைய துணை எப்போதும் கிட்டுவதில்லை.

முதல் இடர் ஆண்டின் எல்லையில் உள்ளது. தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால் மார்கழியின் பிற்பகுதியும், தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். உ.வே.சாமிநாதையர் பிறந்தது ஆனந்த ஆண்டு மாசித் திங்கள். ஆனந்த ஆண்டு பிறந்தது 1854 ஏப்ரலில். ஐயர் பிறந்ததோ 1855 பிப்ரவரி 19. ஆண்டுப்பெயரை மட்டும் கண்டு 1854 என்று எழுதுவோர் ஓராண்டு பிழைபடுவர். மேலும், இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும் சித்திரை முதல் நாள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏப்ரல் 12ஐ ஒட்டி வந்தது. இன்றைய பஞ்சாங்கத்தைக் கொண்டு அன்றைய தேதியைக் கணித்தால் இரண்டொரு நாள் பிசகும்.

இரண்டாவது இடர் அறுபதாண்டுச் சுழற்சி. இதற்குத் தீர்வு கிழமையில் உள்ளது. அறுபது சூரிய ஆண்டுகளில் ஏறத்தாழ 21,915½ நாட்கள் அடங்கும். அதனை ஏழால் வகுத்தால் ஐந்தரை நாள் மிஞ்சும். எனவே ஒரு தமிழ்த் தேதி அடுத்த சுழற்சியில் ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளியே வரும். அதே கிழமையில் வாராது. விபவ ஆண்டு 1868, 1928, 1988 ஆகிய மூன்று முறை பிறந்தது. அவற்றுள் ஒரே தமிழ்த் தேதி மூன்று வெவ்வேறு கிழமைகளில் விழும். நூலின் முகப்பிலோ, உடையவர் எழுதிவைத்த குறிப்பிலோ தேதியோடு கிழமையும் இருக்குமாயின் அம்மூன்றனுள் உரியது எது என்பது தெளிவாகும். அன்று எழுதியவர் வழக்கம் பற்றிச் சேர்த்த ஒரு சொல் இன்று சான்றாகிறது.

அச்சுநூலாயின் வேறு துணைகளும் உண்டு. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழிவகுத்த சட்டம் 1835இல் வந்தது. அச்சிட்டோர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1867இல் வந்தது. கலியாண்டு தரப்பட்டிருந்தால் 3101ஐக் கழித்தும், சக ஆண்டாயின் 78ஐக் கூட்டியும் அவ்வாண்டு தொடங்கிய கி.பி. ஆண்டைப் பெறலாம்.

இச்சுழற்சி அச்சுநூல்களை மட்டுமன்றி ஆசாரியர் வரலாறுகளையும் தொடுகிறது. சின்ன காஞ்சியை அடுத்த தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகரின் பிறப்பு விபவ ஆண்டு, புரட்டாசித் திருவோணம் என்பது மரபு. அது 1268. மறைவு சௌமிய ஆண்டு, அதாவது 1369. இராமாநுசர் பிறப்பு பிங்கள ஆண்டு, சித்திரைத் திருவாதிரை; மரபு அதனை 1017 என்றும், மறைவை மற்றொரு பிங்கள ஆண்டான 1137 என்றும் கொள்ளும். நூற்றிருபது ஆண்டென்பது சரியாக இரு சுழற்சி. ஆய்வாளர் சிலர் அவர் பிறப்பை 1077 என்பர். அதுவும் பிங்கள ஆண்டே. ஆண்டுப்பெயரை மாற்றாமலே ஒருவர் காலத்தை அறுபதாண்டு நகர்த்த இயலும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் எல்.டி.சாமிக்கண்ணுப் பிள்ளை (1865-1925). இந்தியக் காலக்கணிதம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1911இலும், பல நூற்றாண்டுகளுக்கு நாள்தோறும் திதியும் விண்மீனும் காட்டும் பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் 1922இலும் வெளிவந்தன. கல்வெட்டிலோ சுவடியிலோ உள்ள நாட்குறிப்பைச் சரிபார்க்க விரும்புவோர் இன்றும் அத்தொகுதிகளை நாடுகின்றனர்.

எனினும் கணிதத்துக்கும் எல்லை உண்டு. பரிபாடலின் பதினோராம் பாடலில் உள்ள கோள்நிலைகளைக் கொண்டு அவர் கண்ட காலம் கி.பி. 634. மதுரை எரியுண்ட நாளாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ஆடி, தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்பவற்றைக் கொண்டு கண்டது கி.பி. 756. இவ்விரு முடிபுகளையும் அறிஞர் பலர் ஏற்கவில்லை. கதையில் வரும் நாள் கவிஞன் வாழ்ந்த நாளாக வேண்டுவதில்லை. ஒரே வகையான நாட்சேர்க்கை பல நூற்றாண்டுகளில் மீண்டும் மீண்டும் நிகழவும் கூடும். நூல் பிறந்த நாளையும் நூலுக்குள் சொல்லப்பட்ட நாளையும் வேறுபடுத்தி அறிதலே இங்கு முதற்பாடம்.

வீட்டு நூலகங்கள் நெடுநாள் நிலைப்பதில்லை. வீடு கைமாறும்போது ஏடுகளும் எடைக்குப் போகின்றன. முதலில் உதிர்வது முகப்புத்தாள். நாட்குறிப்பு பெரிதும் இருப்பது அதில்தான். ஆகவே கட்டடம் செய்வோர் முகப்பையும், கையெழுத்துக் குறிப்புள்ள வெற்றுத்தாளையும் நீக்காமல் காத்தல் வேண்டும். பட்டியல் எடுப்போர் ஆண்டுப்பெயர், மாதம், தேதி, கிழமை நான்கையும் உள்ளவாறே முதலில் எழுதி, ஆங்கிலத் தேதியைத் தனியே தருதல் நலம். கணக்குப் பிழைத்தாலும் மூலக்குறிப்பு தப்பும்.

இலக்கிய வட்டங்களுக்கும் கவிஞர்க்கும் இது அயலார் பணியன்று. பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடும் வட்டம் ஆண்டுப்பெயரோடு கி.பி. ஆண்டையும், தேதியோடு கிழமையையும் பொறித்துவைத்தல் கடன். கவிதைத் தொகுதி வெளியிடுவோர்க்கும் அது பொருந்தும். அறுபது ஆண்டு கழித்து ஏதோவொரு வீட்டுப் பரணிலிருந்து அந்நூலை எடுப்பவர், அது எந்தச் சுழற்சியைச் சேர்ந்தது என்று மயங்க நேராது.