மீனுக்கு வேலி

மீன் தப்பித்துவிடக்கூடாது. அந்த ஏரி விஷயத்தில் பிட்ஸ்பர்க் பணக்காரர்களுக்கு இருந்த பெரிய கவலை அதுதான். ஈரி ஏரியிலிருந்து ஸ்பெஷலாக ரயிலில் வரவழைத்து விட்ட கறுப்பு பாஸ் மீன்கள். ஒன்றல்ல இரண்டல்ல, ஆயிரம். மழை பெய்து ஏரி நிரம்பி, கலிங்கு வழியாகத் தண்ணீர் வழியும்போது கூடவே மீனும் போய்விட்டால்? ஆகவே கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பி வலை அடித்தார்கள். (கலிங்கு தெரியுமல்லவா? கரைக்கு ஆபத்து வராமல் உபரி நீர் வழிந்து போவதற்காக விட்டிருக்கும் வாய்.) மீன் தப்பவில்லை. ஆனால் கீழே இருந்த ஊர்களில் 2,209 பேர் செத்துப்போனார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். மலைக்கு மேலே சவுத் ஃபோர்க் அணை. பதினான்கு மைல் கீழே, இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஜான்ஸ்டவுன். இரும்பும் எஃகும் செய்கிற ஊர். சுற்று வட்டாரத்தையும் சேர்த்தால் சுமார் முப்பதாயிரம் பேர். பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்கள்.

அணையைக் கட்டியது க்ளப் இல்லை. கவர்மெண்ட். ரயில் வருவதற்கு முன் சரக்குகள் கால்வாயில் படகில்தான் போகும். கோடையில் கால்வாய் வற்றாமலிருக்க ஓர் ஏரி வேண்டும் என்று 1838ல் ஆரம்பித்தார்கள். பணமில்லாமல் இழுத்து, நிறுத்தி, மறுபடி தொடங்கி ஒருவழியாக முடிப்பதற்குள் 1853 ஆகிவிட்டது. அதே நேரத்தில் ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. கால்வாய் அம்போ. 1857ல் கால்வாயோடு அணையையும் பென்சில்வேனியா ரயில்வே கம்பெனி வாங்கிப் போட்டது. அவர்களுக்கு ஏரி எதற்கு? கவனிக்க ஆளில்லாமல் கிடந்து 1862ல் ஒருமுறை உடையவும் செய்தது. நல்லவேளை, அப்போது தண்ணீர் அதிகமில்லை.

1875ல் ஜான் ரெய்லி என்கிற அரசியல்வாதி 2,500 டாலருக்கு அதை வாங்கினார். நாலு வருஷம் வைத்திருந்தார். 1879ல் விற்கும்போது கைக்கு வந்தது 2,000 டாலர்தான். ஐந்நூறு டாலர் நஷ்டம். சும்மா விடுவாரா? அணையின் அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. ஏரியின் தண்ணீரை வேண்டும்போது இறக்குவதற்கான மதகு அதுதான். குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். வணிகவியல் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கணக்குப் பார்த்தால் அது சரிதான். உபயோகத்தில் இல்லாத சொத்திலிருந்து கிடைத்தவரை தேற்றுவது. ஐந்து குழாய்களும் கீழே உள்ள ஒரு ஊரின் இன்ஷூரன்ஸ் என்று எந்தப் பேரேட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லையே.

வாங்கியவர் பெஞ்சமின் ரஃப். ரியல் எஸ்டேட் பார்ட்டி. ‘சவுத் ஃபோர்க் மீன்பிடி, வேட்டை க்ளப்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். மெம்பர் லிஸ்ட்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி க்ளே ஃப்ரிக், ஆண்ட்ரூ மெல்லன். எஃகு, நிலக்கரி, பாங்க். அப்போதைய அமெரிக்காவில் இதற்கு மேல் பணம் கிடையாது. ஏரி இருந்தது கேம்ப்ரியா கவுண்டியில். க்ளப்பை ரிஜிஸ்டர் செய்தது பிட்ஸ்பர்க் இருக்கும் அல்லகெனி கவுண்டியில். எங்கே தொழிலோ அங்கே பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பிட்ஸ்பர்க் நீதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மலையடிவாரத்து ஜனங்கள் ஆட்சேபம் சொல்ல வழியே இல்லாமல் போனது.

உடைந்த இடத்தைக் கல், மண், வைக்கோல், குதிரைச் சாணம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு அடைத்தார்கள். குழாய்களைத் திரும்பப் பொருத்தவில்லை. கரை மேலே இரண்டு கோச் வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகவேண்டும் என்று கரையின் உச்சியைச் சீவி அகலப்படுத்தினார்கள். கரையின் நடுப்பகுதி வேறு லேசாக உட்கார்ந்திருந்தது. நடுவில் தாழ்ந்த கரை என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர் கரைக்கு மேலே ஏறினால் முதலில் வழிவது நட்டநடுவில், அணை மிக உயரமாக இருக்கும் இடத்தில். மண் கரை மீது தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அப்புறம் யார் தலையிட்டும் பிரயோஜனமில்லை. அரித்துக்கொண்டு போய்விடும்.

யாருக்குமே தெரியாதா? நன்றாகத் தெரியும். கதையின் முக்கியமான இடம் இதுதான்.

ஜான்ஸ்டவுனின் கேம்ப்ரியா இரும்புக் கம்பெனித் தலைவர் டேனியல் மோரல். 1880ல் ஜான் ஃபுல்ட்டன் என்பவரை அனுப்பி அணையைப் பார்த்துவரச் சொன்னார். ஃபுல்ட்டன் இரண்டு குறைகளை எழுதினார். தண்ணீரை இறக்க மதகுக் குழாய் இல்லை. அதனால் எதிர்காலத்தில் ரிப்பேர் செய்யவே முடியாது. செய்த ரிப்பேரும் உருப்படியில்லை, கசிகிறது. மோரல் அதை ரஃபுக்கு அனுப்பி வைத்தார். ரஃப் பதில் போட்டார். அறிக்கையில் இருந்த சில்லறைத் தவறுகளைப் பட்டியல் போட்டுவிட்டு, உங்கள் ஆட்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்று முடித்தார். மோரல் விடவில்லை. ஒழுங்காகச் சரிசெய்வதானால் செலவில் நானும் பங்கு தருகிறேன் என்றார். க்ளப் மறுத்துவிட்டது.

மோரல் சாதாரண ஆளில்லை. நாட்டின் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்றை நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவரால் முடிந்தது என்ன? சந்தா கட்டி அதே க்ளப்பில் மெம்பராகச் சேர்ந்தார். உள்ளேயிருந்து ஒரு கண் வைக்கலாம் என்று. புகார் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அலுவலகம் கிடையாது. அணையைப் பார்வையிட ஓர் அதிகாரி கிடையாது. என் நிலத்தில் என் ஏரி, நீ யார் கேட்க என்பதுதான் சட்டம். 1885ல் மோரல் காலமானார். 1887ல் ரஃபும் போய்ச் சேர்ந்தார். ஏரி மட்டும் மேலே, இரண்டு மைல் நீளத்துக்கு, குட்டி நீராவிப் படகுகள் மிதக்க, ஜோராக இருந்தது.

1889 மே 30 இரவு மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பொழுதுக்குள் சில இடங்களில் 10 அங்குலம் வரை. மறுநாள் காலை அங்கே பொறுப்பிலிருந்த எலியாஸ் அங்கர், ஆட்களை வைத்து இன்னொரு கலிங்கு வெட்டிப் பார்த்தார். பாறை. வெட்ட வரவில்லை. மீன் வலையை எடுத்துவிடச் சொன்னார்கள். தயங்கினார், அப்புறம் முயன்றார். அதற்குள் மரக்கிளையும் குப்பையும் வலையில் சிக்கி இறுகிவிட்டிருந்தன. ஜான் பார்க் என்கிற இளம் இன்ஜினீயர் குதிரையில் ஓடிப்போய் சவுத் ஃபோர்க் ஊரில் எச்சரித்தார். தந்தி கீழே போனது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு அணை உடையப்போகிறது என்று யாராவது சொல்வார்கள். உடையாது. புலி வருது கதை. இந்த முறையும் ஜான்ஸ்டவுனில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவெல்லாம் ஏற்கெனவே வெள்ளம். சாமான்களை மாடிக்கு ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

மதியம் மூன்று மணி வாக்கில் அணை போனது. சுமார் 2 கோடி டன் தண்ணீர். வழியில் ஜான் ஹெஸ் என்கிற ரயில் டிரைவர், விசிலைக் கட்டி வைத்து அலறவிட்டபடியே இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். 4.07க்கு ஜான்ஸ்டவுன். வந்தது தண்ணீராகத் தெரியவில்லை. வீடு, மரம், ரயில் பெட்டி, ஒரு தொழிற்சாலையிலிருந்து அடித்து வந்த முள்கம்பி என்று உருண்டு வந்த ஒரு மலை. ஊர்க் கோடியில் இருந்த கல் பாலத்தில் அத்தனையும் மோதி நின்று, ராத்திரி தீப்பிடித்தது. தண்ணீரில் பிழைத்தவர்கள் பலர் நெருப்பில் செத்தார்கள். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எழுநூற்றுச் சொச்சம் உடல்கள் யாருடையவை என்றே தெரியாமல் புதைக்கப்பட்டன.

சரி, கேஸ்? போட்டார்கள். க்ளப்பின் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு கட்டடமும் காலி ஏரியும். கோடீஸ்வரர்கள் எல்லாம் வெறும் உறுப்பினர்கள். அவர்களது பணம் வேறு, க்ளப் வேறு. க்ளப்புக்காக வந்து நின்ற வக்கீல் நிறுவனத்தில் ஃபிலாண்டர் நாக்ஸ் ஒரு பங்குதாரர், அவரே ஒரு மெம்பர். பின்னாளில் நாட்டின் அட்டர்னி ஜெனரலும் ஆனார். நஷ்டஈடாக க்ளப்பிடமிருந்து ஒரு பைசா பெயரவில்லை. கடவுளின் செயல் என்று ஆனது. ஃப்ரிக் 5,000 டாலர் நன்கொடை கொடுத்தார். கார்னகி கம்பெனி 10,000. அப்புறம் கார்னகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அந்தக் கட்டடம்தான் இன்று வெள்ள மியூசியம்.

சிவில் இன்ஜினீயர்கள் சங்கமும் விசாரித்தது. அறிக்கை 1890 ஜனவரியிலேயே தயார். வெளியே விட்டது 1891ல். பழைய வடிவத்திலேயே இருந்திருந்தாலும் இந்த மழைக்கு நிரம்பித்தான் வழிந்திருக்கும் என்றது. நூற்றிருபது வருஷத்துக்கும் மேல் அதுவே கடைசி வார்த்தையாக இருந்தது. 2016ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ்டவுன் கிளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் கணக்கை மறுபடி போட்டார்கள். கரையைச் சுமார் 3 அடி சீவாமல், ஐந்து குழாய்களையும் பிடுங்காமல் விட்டிருந்தால் அணை தாங்கியிருக்கும் என்று விடை வந்தது.

இத்தனைக்கும் பிறகு உடனே சட்டம் வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 1911ல் அதே மாநிலத்தில், ஆஸ்டின் என்ற ஊருக்கு மேலே ஒரு காகித ஆலையின் அணை உடைந்து குறைந்தது 78 பேர் இறந்தார்கள். 1913ல்தான் பென்சில்வேனியா அணைகளுக்குச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் இன்னும் மெதுவாக நகர்ந்தன. 1972ல் நாடு முழுக்க அணைகளைச் சோதிக்க ஒரு சட்டம் வந்து, காசில்லாமல் தூங்கியது. 1977 நவம்பர் 6, ஜார்ஜியா மாநிலம். டொகோவா ஃபால்ஸ் பைபிள் கல்லூரிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை. ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு மீன் பிடிக்க, படகு விட என்று வெறும் பொழுதுபோக்கு ஏரி. நள்ளிரவு தாண்டி உடைந்தது. 39 பேர். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் சொந்த மாநிலம். அதற்கப்புறம்தான் ஃபைல் நகர்ந்தது. ஆபத்தான இடத்திலிருந்த சுமார் 9,000 தனியார், மாநில அணைகளைப் பார்த்ததில் மூன்றில் ஒன்று பத்திரமில்லை என்று தெரிந்தது.

இன்று அமெரிக்க அரசின் பதிவேட்டில் 90,000க்கு மேல் அணைகள். பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். எதற்காகக் கட்டியது என்ற பத்தியில் அதிகம் வருவது பாசனமோ மின்சாரமோ இல்லை, பொழுதுபோக்கு. 2020 மே 19 அன்று மிச்சிகனில் ஈடன்வில் அணை உடைந்தது. அதுவும் தனியாருடையது. கரை நெடுக ஏரிக்கரை வீடுகள், படகுத் துறைகள். வெள்ளம் வெளியேற இதன் கலிங்கு போதாது என்று மத்திய ஆணையம் பல வருஷம் எழுதிப் பார்த்து, 2018ல் மின் உற்பத்தி லைசென்ஸையே ரத்து செய்திருந்தது. கண்காணிக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு மாறியது. கலிங்கு மாறவில்லை. இந்த முறை முன்கூட்டியே பத்தாயிரம் பேரை வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

சில வாரங்களில் அணைக் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. அணையைத் திரும்பக் கட்டும் செலவில் ஒரு பங்கு, ஏரிக்கரை வீட்டுக்காரர்களின் தலையில் ஏறியது.