தொழுநோயும் மறுவாழ்வும்: வேலூர் வரலாறு திருச்சபைக்குக் கூறுவது

குணமாக்கும் ஊழியத்தைக் குறித்து நம் திருச்சபைகளில் பேசப்படும்போது, மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் அவற்றை நிறுவியோரின் தியாகமும் பெரிதும் எடுத்துரைக்கப்படுகின்றன. நோயுற்றோர் என்ன கூறினர், அவர்கள் கூறியதை யார் கேட்டனர் என்னும் கேள்விகள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. குணமாக்குதல் என்பது ஒருவர் கொடுக்க மற்றொருவர் பெற்றுக்கொள்வது மட்டுமே என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலூரில் தொழுநோயாளரிடையே நடைபெற்ற மறுவாழ்வுப் பணியின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. அவ்வரலாற்றை நோயாளர், மருத்துவர் ஆகிய இருவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலாக இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. ஒரு சொல்லின் சுமை

லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் ‘சாராஅத்’ என்னும் எபிரேயச் சொல் மனிதரின் தோலில் தோன்றும் பலவகை மாற்றங்களை மட்டுமன்றி, ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும் குறிக்கின்றது. ஆகவே இச்சொல் இன்று நாம் தொழுநோய் என அறியும் ஒரே நோயைக் குறிக்கவில்லை என்பது திருமறை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிபு. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதனை ‘லெப்ரா’ என்றனர். பின்னர் அது ஐரோப்பிய மொழிகளுக்கும், நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகம்’ என்னும் வடிவில் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. இவ்வாறு, சடங்குத் தீட்டைப் பற்றிய ஒரு பண்டைய சொல்லின் பாரம் முழுவதும் வேறொரு நோயால் வருந்தியோரின் தலைமேல் ஏற்றப்பட்டது.

நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இது பரம்பரைச் சாபமன்று, தொற்றும் நோய் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆயினும் சாபம் என்னும் எண்ணம் அகலவில்லை. ‘தொற்று’ என்னும் சொல் ஒதுக்குதலுக்குப் புதியதொரு நியாயத்தைத் தந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம், வறியவராய் அலைந்த தொழுநோயாளரைக் கைது செய்து காப்பகங்களில் அடைக்க இடமளித்தது. அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

2. காப்பகக் காலம்

வெல்லெஸ்லி பெய்லி 1874இல் தொடங்கிய தொழுநோயாளர் சங்கமும் பல மிஷன்களும் இந்நாட்டில் காப்பகங்களை நிறுவின. எவரும் ஏற்காதவரை ஏற்று உணவும் உறைவிடமும் அளித்த அப்பணியின் மேன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் காப்பகத்தின் மதில், இவர்கள் ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்பதையும் மௌனமாய் அறிவித்தது. அன்பு அங்கே இருந்தது, எதிர்காலம் இருக்கவில்லை.

1940களில் சல்ஃபோன் மருந்துகள் நிலைமையை மாற்றின. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அம்மருந்துகளைப் பயன்படுத்தியோருள் முன்னோடியாக விளங்கினார். கிருமி அடங்கியது, நோய் நின்றது. ஆயினும் மடங்கிய விரல்களும் புண்பட்ட பாதங்களும் அப்படியே இருந்தன. அவையே ஊரார் கண்ட அடையாளங்களாதலால், மருத்துவர் குணமானவர் எனக் கூறியவரையும் ஊர் ஏற்க மறுத்தது. உடலின் கிருமி நீங்குவதும் மனிதர் வாழ்வுக்குத் திரும்புவதும் ஒன்றன்று என்னும் உண்மை அப்போது வெளிப்பட்டது. இந்த இடைவெளியிலேதான் மறுவாழ்வு மருத்துவம் பிறந்தது.

3. கையைப் பற்றிய கேள்வி

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தந்தை 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பிராண்ட் வந்தார். திருமணி நிலையத்தைக் காணச் சென்றபோது, மடங்கி விறைத்த கைகளைக் கண்டு, இவை ஏன் இவ்வாறாயின, இவற்றுக்கு என்ன செய்யப்படுகின்றது என்று காக்ரேனிடம் வினவினார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர் எவரும் இந்நோயாளரை இதுவரை ஆராய முன்வரவில்லை என்றும் காக்ரேன் விடையிறுத்தார்.

பல நூறு கைகளை ஆராய்ந்த பின் இரண்டு உண்மைகள் தெளிவாயின. முதலாவது, தசைகள் தாறுமாறாய்ச் செயலிழப்பதில்லை. குறிப்பிட்ட நரம்புகள் குறிப்பிட்ட இடங்களில் தாக்கப்படுவதால், முன்கைத் தசைகள் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. இரண்டாவது, விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. வலியுணர்வு அற்றுப்போவதால், சூடான பாத்திரமும் கூரான கருவியும் ஏற்படுத்தும் காயங்கள் கவனிக்கப்படாமல் சீழ்பிடித்து, விரல்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. இரவில் விரல் காணாமற்போன சிலரின் செய்தியை ஆராய்ந்தபோது, உறங்குகையில் எலிகள் கடித்தது தெரியவந்தது. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. சாபம் என்று தலைமுறைகளாய்க் கருதப்பட்ட ஒன்றின் ஒரு பகுதிக்குப் பரிகாரம் ஒரு பூனையாக இருந்தது.

4. அறுவையும் பயிற்சியும்

நல்ல நிலையிலுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு வேறிடத்தில் இணைப்பதே பிராண்ட் கையாண்ட அறுவைமுறை. விரலை மடக்கும் இரு நாண்களுள் ஒன்றை இதற்கென எடுத்தாலும், மற்றொன்று மடக்கும் வேலையைத் தொடரும். ஆனால் நாணை இடம் மாற்றுவதுடன் பணி முடிவதில்லை. மோதிர விரலை மடக்கி வந்த தசை இப்போது பெருவிரலை அசைக்க வேண்டும் என்பதை நோயாளரின் மூளை புதிதாய்க் கற்றாக வேண்டும்.

இங்குதான் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் இன்றியமையாததாயிற்று. 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய சங்கத்திலிருந்து ஒழுங்குபெற்று வளர்ந்தது இத்துறை. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரரிடையே பெரிதும் விரிவடைந்த இது, இந்தியாவில் அப்போது இளம் நிலையிலேயே இருந்தது. சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த ஆங்கிலேய இயன்முறை மருத்துவர் ரூத் தாமஸ் வேலூரில் இப்பணிக்கு உருவம் தந்தார். விறைத்த மூட்டுகள் அறுவைக்கு முன்னரே மெழுகு ஒத்தடத்தாலும் எண்ணெய் தேய்ப்பதாலும் இளக்கப்பட்டன. எந்தத் தசை இடம் மாற்றப்படுமோ அதனைத் தனியே இயக்க நோயாளர் பழகினார். அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாக்கட்டு. அதன்பின் நாள்தோறும் பயிற்சி. இப்பயிற்சிகளை அளிக்க உள்ளூர் இளைஞரும், நோயிலிருந்து மீண்டோரும் பயிற்றுவிக்கப்பட்டனர்.

இதில் இறையியல் மாணவர் கருதத்தக்க ஒன்றுண்டு. அறுவையின்போது நோயாளர் அசையாது கிடக்கிறார். பயிற்சியிலோ, அவர் ஒத்துழையாமல் ஒரு விரலும் நிமிராது. பயிற்சி தருபவர் அவருடைய மொழியில் பேச வேண்டும். அவர் சோர்வைக் கண்டுகொள்ள வேண்டும். அவர் தம் தொழிலுக்கு எந்த அசைவு வேண்டும் என்கிறாரோ அதைக் கேட்டறிய வேண்டும். இங்கே உரையாடல் மருத்துவத்துக்குத் துணையாய் நிற்பதன்று. அதுவே மருத்துவத்தின் ஒரு பகுதி.

5. கேட்கப்பட்ட சொற்கள்

பிராண்ட் தம் நூல்களில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். நோயாளர் ஒருவரின் தோளில் கைவைத்து, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அவரோ விம்மி அழத் தொடங்கினார். தாம் ஏதும் தவறாய்ச் சொல்லிவிட்டோமோ என்று அஞ்சிய மருத்துவர், உடனிருந்த தமிழ் உதவியாளரிடம் விசாரித்தார். இங்கு வரும்வரை பல ஆண்டுகளாக ஒருவரும் தம்மைத் தொட்டதில்லை என்பதே அழுகையின் காரணம் என்று அப்பெண் கேட்டறிந்து சொன்னார்.

இந்நிகழ்ச்சி பல பிரசங்கங்களில் தொடுதலின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. அது சரியே. ஆனால் அங்கே மூன்றாவதாக ஒருவர் நின்றார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அப்பெண் கேட்டுச் சொல்லியிராவிடில், அந்த அழுகையின் பொருள் மருத்துவருக்கும் நமக்கும் தெரிந்தேயிராது. வரலாறு மருத்துவரின் பெயரைக் காத்தது. மொழிபெயர்த்த அப்பெண்ணின் பெயர் அக்கதையில் இல்லை.

மற்றொரு முறை, கை சீரானவர்கள் திரும்பி வந்து, இந்தக் கைகளைக் கண்டால் எவரும் பிச்சையிடுவதில்லை என முறையிட்டனர். வேலையும் வீடும் இன்றிக் கையை மட்டும் நிமிர்த்துவது, பிழைப்பதற்கு இருந்த ஒரே வழியையும் அடைப்பதாகும் என்பதை மருத்துவர் இம்முறையீட்டினின்று கற்றனர். 1951இல் கல்லூரி வளாகத்தில் தோன்றிய நவஜீவ நிலையம் இதற்கு விடையாக அமைந்தது. அங்கே மீண்டவர்கள் தச்சுவேலையும் மர விளையாட்டுப் பொருள்கள் செய்தலும் கற்றனர். உணர்விழந்த கைகளைக் காயமின்றிப் பயன்படுத்தவும் பழகினர். 1955இல் கரிகிரியில் ஷெஃப்லின் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. பாதங்களைக் காக்கும் மென்மையான ரப்பர் செருப்புகள் முதலியவை இப்பணியின் போக்கில் உருவாயின. பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் கார்வில் நகருக்குச் சென்றபின், இங்கு பெற்ற அறிவு நீரிழிவால் பாதவுணர்வை இழந்தோருக்கும் பயன்பட்டது.

6. நோயாளரே மருத்துவராதல்

1954இல் வேலூருக்கு அருகே நேர்ந்த கார் விபத்தில் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாமாதலால், சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க்கின் நிலையத்திலும் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அதற்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986இல் மறைந்தார்.

இதுவரை மருத்துவர் கேட்க, நோயாளர் கூறினார். இங்கோ கேட்பவரும் கூறுபவரும் ஒருவரேயாயினர். முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர், இனி என்ன செய்வேன் என்று வினவியபோது, அவ்வினாவைத் தாமும் வினவிய ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தார். ஊனமுற்றோர் நம் இரக்கத்துக்கு உரியோர் மட்டுமல்லர், பணிக்கு அழைக்கப்பட்டோர் என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த விளக்கம் தேவையில்லை.

7. திருச்சபைக்கு

தொழுநோய் பொதுநலச் சிக்கல் என்னும் அளவினின்று இந்தியாவில் நீங்கியதாக 2005ஆம் ஆண்டின் இறுதி நிலவரத்தைக் கொண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2022இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் புதிதாய்க் கண்டறியப்பட்டனர். கிறிஸ்தவர்க்குரிய மணமுறிவுச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாய் 2019வரை நீடித்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்து, நோய் முற்றிலும் குணமாகும் என்று உறுதிப்பட்ட பின்னும் நெடுங்காலம் இந்நிலை தொடர்ந்தது. நம் பீடங்களிலிருந்து அதற்கெதிராய் எழுந்த குரல் எவ்வளவு என்று நாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

பாவத்துக்கு உவமையாகத் தொழுநோயைக் கூறும் பிரசங்க வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. அதைக் கேட்கும் கூட்டத்தில் நோயிலிருந்து மீண்ட ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். கரிகிரியில் ஆறு மாதம் உழைத்து நிமிர்த்திய கையை அவர் நம் சொல்லைக் கேட்டு மறைத்துக்கொள்வாராயின், அந்த உழைப்பை நாம் அழித்தவராவோம். லேவியராகமப் பகுதியை வாசிக்கும்போது, அது கூறும் நிலை இந்நோயன்று என்று ஒரு வாக்கியம் விளக்குவது எளிது. அது நம் கடமையுமாகும்.

இவ்வரலாறு பெரும்பாலும் ஆங்கில நூல்களில், மருத்துவரின் பார்வையிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. நவஜீவ நிலையத்தில் தச்சுக் கற்றவர், மெழுகு ஒத்தடம் கொடுத்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியோரின் நினைவுகள் அவர்களின் குடும்பங்களிலும் வட ஆர்க்காட்டுச் சபைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் கேட்டு எழுதிவைத்தல் இறையியல் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பணி. சபை சந்திப்புக்குச் செல்லும் குருவானவர், செபிப்பதற்குமுன் சற்று அமர்ந்து நோயுற்றவர் சொல்வதைக் கேட்பாராயின், அப்பணி அன்றே தொடங்கிவிடும்.