புத்தூர் நிலத்தடியின் கதை

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அரசர்களிலிருந்தே தொடங்குகின்றனர். ஆரியச் சக்கரவர்த்திகள் எப்போது வந்தனர், போர்த்துக்கேயர் எப்போது வென்றனர் என்பன நம் மாணவர்க்கு மனப்பாடம். ஆனால் அந்த அரசர்களும் அவர்களுக்குச் சோறிட்ட உழவர்களும் நின்ற நிலம் எவ்வாறு தோன்றியது என்று கேட்பவர் சிலரே. நீரைத் தருவதும் மறுப்பதும் இந்நிலத்தில் அரசியலாகிவிட்டமையால், அக்கேள்வி பூமிசாத்திர வகுப்பறையோடு முடிந்துவிடக் கூடியதன்று.

இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. வடக்கும் வடமேற்குக் கரையும் அவ்வாறல்ல. குடாநாடு கடலின் பிள்ளை. மயோசீன் காலம் என்று அறிஞர் குறிக்கும், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், ஆழங்குறைந்த வெப்பக் கடலொன்று இங்கே பரந்து கிடந்தது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பிகள், பவளங்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. 1923இல் வேலண்ட், டேவிஸ் என்னும் இருவர் இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி விரிவாக எழுதினர். நம் வீட்டு மதிற்கல்லை உற்று நோக்கினால் அப்பழங்கடலின் உயிர்களை இன்றும் காணலாம்.

நிலத்தை உருவாக்கும் விசைகள் இருவகை. கற்கோளத்தை உள்ளிருந்து உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஒருவகை. மழையும் காற்றும் கடலுமாய் வெளியிலிருந்து அரிப்பது மற்றொரு வகை. எரிமலையும் பூகம்பமுமே நிலத்தை மாற்றுவன என்று எண்ணுதல் தவறு. புத்தூரை மாற்றியது மழைத்துளி. வானத்திலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை ஏற்று மென்மையான அமிலமாகும் மழைநீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து அதைக் கரைக்கின்றது. மயிரிழை போன்ற வெடிப்பு ஆயிரமாயிரம் ஆண்டுகளில் குகையாகின்றது. குகையின் கூரை இடிந்தால் குழி தோன்றுகின்றது. ஐரோப்பாவில் அதிரியாத்திக் கடலோரத்துப் பீடபூமி ஒன்றின் பெயரால் உலகெங்கும் இவ்வகை நிலம் கார்ஸ்ற் எனப்படுகின்றது.

புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு அத்தகைய குழியே. மனிதர் வெட்டிய கிணறன்று அது. நூற்றைம்பது அடிக்கும் மேற்பட்ட ஆழமுடையது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். ஆங்கில நிருவாகியான எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் இக்கிணற்றைக் குறித்துள்ளார். கடல்மட்டத்துக்கு வெகு கீழே மழைநீர் எவ்வாறு குகை குடைந்தது? ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெருமளவு பனியாய் உறைந்திருந்தபோது, கடல் இன்றையினும் நானூறு அடியளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். கடல் அவ்வாறு தாழ்ந்த காலங்களில் நிலத்தடி நீரும் தாழ்ந்து, ஆழத்திற் பாறையைக் கரைக்க வழி பிறந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் ஏறியது. குகைகள் நீரில் மூழ்கின.

இராமன் தாகம் தீர்க்க அம்பெய்த இடம் நிலாவரை என்று மக்கள் கூறுவர். இங்கே இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் சொல்வர். இவற்றைக் கேட்டு நகைத்துவிட்டுப் போதல் எளிது. ஆயினும் எலுமிச்சம்பழக் கதையில் உழைக்கும் மக்களின் கூரிய அனுபவம் ஒன்று பொதிந்திருக்கின்றது. தரைக்கு மேல் எத்தனை வேலி அடைத்தாலும், தரைக்குக் கீழே பாறை ஒன்று, நீரும் ஒன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது அங்குல மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியிலேயே விழுகின்றது. பாறைக்குள் இறங்கும் அந்நீர், கனத்த கடல்நீரின் மேல் வில்லை போல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓரடியை இழந்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவர வழி திறக்கின்றோம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒருவர் தோட்டத்து இயந்திரம் ஓட அயலவர் கிணறு சவராவது இவ்வாறே.

இயற்கை பொதுவாய் வைத்த இந்நீரை நம் சமுதாயம் என்ன செய்தது? கிணற்றுக்குச் சாதி கற்பித்தது. கல்லுடைத்துக் கிணறு வெட்டிய கைகளே அக்கிணற்றிற் கயிறு விட உரிமையற்றிருந்தன. தாழ்த்தப்பட்ட பெண்கள், யாரேனும் இரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றனர். இக்கொடுமையைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. ஆனால் சட்டம் தானாகக் கிணற்றடிக்கு நடந்து வரவில்லை. மக்கள் போராடியே அதை அங்கு கொணர்ந்தனர். 1960இல் வெளிவந்த டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர் பெற்றது தற்செயலன்று.

பாறையிடமும் நாம் இவ்வாறே நடந்துகொண்டோம். 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, 1990இல் போரினால் நிற்கும்வரை, இச்சுண்ணாம்புக்கல்லையே அரைத்தது. சீமெந்து வேண்டாமென்று நாம் கூறவில்லை. வீடு யாவர்க்கும் வேண்டும். ஆனால் அந்தக் கல்லே நம் நீர்த்தொட்டி. தொட்டியை உடைத்து விற்போர் நீருக்கு விடை சொல்லவேண்டும். சுன்னாகத்து மின்நிலையத்திலிருந்து எண்ணெய் கலந்து அயற்கிணறுகள் கெட்ட வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. இலாபம் ஒருவர்க்கு, நஞ்சு ஊருக்கு என்ற கணக்கின் பழைய பாடம் இது. உழவரும் குற்றமற்றவர் அல்லர்: மேலே இடும் செயற்கை உரத்தின் நைத்திரேற்று, மெல்லிய செம்மண்ணைக் கடந்து பாறை வெடிப்புகளின் வழியே குடிநீரிற் சேர்கின்றது. கார்ஸ்ற் நிலத்தில் நீர் வடிகட்டப்படாமலே விரைந்து பாய்வதால், ஒரு முற்றத்தின் அழுக்கு மறு முற்றத்தின் குடத்துக்கு வந்துவிடுகின்றது.

எனவே நிலத்தடி நீரைத் தனியார் சொத்தாய் எண்ணும் வழக்கம் நீதிக்கு மட்டுமன்று, இயற்கைக்கும் முரணானது. உறுதி எழுதி வேலிக்குள் அடக்கக்கூடியது மேல்மண் மட்டுமே. எவ்வளவு இறைக்கலாம், எங்கே கல் அகழலாம், எதை மண்ணில் இடலாம் என்பவற்றை ஊர் முழுதும் கூடித் தீர்மானிக்க வேண்டும். அதில் நேற்றுவரை கிணற்றடியில் நிறுத்திவைக்கப்பட்டோரின் குரல் முதலில் ஒலிக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிற் கடமை உண்டு. பாறை வகைகளைப் பட்டியலாய் ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், மாணவரை ஊர்க் கிணறுகளுக்கு அழைத்துச் செல்வோம். மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தை அளந்து, உப்பின் அளவைக் குறித்து, ஆண்டுதோறும் அக்கணக்கை ஊர்மக்கள் முன் வைக்கச் செய்வோம். இரண்டு கோடி ஆண்டுகள் பழமையுடைய பாறையின் வரலாற்றில் அடுத்த சில பக்கங்களை எழுதப்போகிறவர்கள் அவர்களே.